வற்றும் ஆற்றின் கரையில் வளரும் நகரம்: சேலம் ஏரிகளும் திருமணிமுத்தாறும்

சேலம் நகரை நான்கு பக்கமும் மலைகள் சூழ்ந்துள்ளன. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இம்மலைகளில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பி, மிஞ்சியது திருமணிமுத்தாற்றில் சேர்கிறது. சேர்வராயன் மலைத்தொடரின் மஞ்சவாடிப் பகுதியில் பிறக்கும் அந்த ஆறு சேலம் நகரத்தின் நடுவே ஓடி, ஆட்டையாம்பட்டிப் பக்கமாக நாமக்கல் மாவட்டத்துக்குள் இறங்கி, பரமத்திவேலூர் அருகே நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கிறது. மலையடிவாரம் முதல் காவிரிக்கரை வரை இது ஒரே நீர்வழி. அந்த வழியின் மேற்பகுதியில் ஒரு மாநகராட்சி இருக்கிறது. கீழ்ப்பகுதியில் வயல்களும் கிணறுகளும் குடிநீர்த் திட்டங்களும் இருக்கின்றன. நகரம் ஆற்றில் விடுவது எதுவோ அதுவே கீழே போய்ச் சேரும்.

திருமணிமுத்தாறு ஆண்டு முழுதும் ஓடும் ஆறல்ல. சேலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான சில மாதங்களில் கொட்டிவிடும். நாமக்கல் பக்கம் மழை இன்னும் குறைவு. கங்கையைப் போலப் பனி உருகிவரும் நீரும் இல்லை. மழை நின்ற சில வாரங்களில் ஆற்றின் இயற்கையான நீரோட்டம் அற்றுப்போகும். அதன்பின் ஆற்றில் ஓடுவது நகரம் விடும் நீர் மட்டுமே.

அந்த நீர் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1866இல் நகராட்சியான சேலம் 1994இல் மாநகராட்சியானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6.97 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 8.29 லட்சமாயிற்று. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுவோர் கைக்கொள்ளும் அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் அவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது. நொடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது 36 கன அடி அளவில், கோடையிலும் நிற்காமல் ஓடக்கூடிய நீர் இது. பட்டறை, ஆலைக் கழிவுகள் இதில் சேரவில்லை. வற்றிய ஆற்றில் இந்த அளவு கழிவை நீர்க்கச் செய்யப் புதுநீர் ஏதும் கிடையாது. நீரோட்டமுள்ள ஆறுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட கழிவு அளவுகோல்கள் இங்கே போதாமல் போவதற்கு இதுவே காரணம். ஒரு லிட்டரில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்று மட்டும் பார்த்தால் பயனில்லை. ஒரு நாளில் மொத்தம் எத்தனை கிலோ மாசு ஆற்றில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

தரைக்கடியில் உள்ள பாறையும் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. சேலமும் நாமக்கல்லும் கடினப்பாறை நிலம். நிலத்தடி நீர் மேலாக உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. ஆற்றுமணற்படுகையில் இருப்பதுபோல் பரந்த நீர்த்தேக்கம் இங்கில்லை. மாசு ஒருமுறை இந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்டால் அதை அலசி வெளியேற்ற நல்ல மழை பல ஆண்டுகள் தொடர்ந்து பெய்தாக வேண்டும். ஆற்றோரக் கிணறுகளில் உப்பேறிய தண்ணீர் ஆறு சற்றுத் தெளிந்த பின்னும் மாறாதிருப்பது இதனால்தான்.

ஏரித்தொடர் கடத்தியது

தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் எங்கும் உள்ளதுபோல் சேலத்து ஏரிகளும் தொடராக அமைந்தவை. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அந்த உபரிநீர் கீழேரியின் வரத்து வாய்க்காலாகிறது. மூக்கனேரி, அம்மாபேட்டை ஏரி, குமரகிரி ஏரி, பள்ளப்பட்டி ஏரி என்று நகரத்துக்குள்ளும் ஓரத்திலும் எஞ்சியிருப்பவை இந்த ஏற்பாட்டின் துண்டுகள். மழைநீரைத் தேக்குவதோடு வண்டலைப் படியவிட்டு, நீரைத் தெளியவைத்து அடுத்த ஏரிக்கு அனுப்பும் வேலையையும் இவை செய்தன.

நகரம் பரவியபோது முதலில் மாறியது ஏரியல்ல, வாய்க்கால். ஏரிக்கரையை உடைத்தால் ஊரே பார்க்கும். வரத்து வாய்க்காலில் ஒரு வீட்டின் கழிவுக்குழாயைத் திருப்பிவிட்டால் யாரும் பார்ப்பதில்லை. மழைநீருக்காக வெட்டிய வாய்க்கால் வீட்டுக் கழிவுநீர் ஓடும் சாக்கடையாயிற்று. முன்பு வண்டலைக் கடத்திய அதே தொடர் இப்போது கழிவைக் கடத்தத் தொடங்கியது. ஒரு ஏரியில் விழும் மலக்கழிவும் சோப்புநீரும் அடுத்த மழையில் கலங்கல் தாண்டிக் கீழேரிக்குப் போகின்றன.

கழிவுநீரில் உள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் ஏரிக்கு உரமாகின்றன. பாசி பெருகி நீர் பச்சையாகிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவே உறிஞ்சும். விடியற்காலையில் நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் கீழே இறங்கும். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது பெரும்பாலும் காலையில் கண்ணில் படுவதற்குக் காரணம் இதுவே. அடுத்து ஆகாயத்தாமரை படர்ந்து நீர்ப்பரப்பை மூடினால் ஒளியும் காற்றும் உள்ளே போவதில்லை. அடியில் தேங்கிய சேறு அழுகி, ஏரி சாக்கடை நாற்றமடிக்கத் தொடங்கும். ஆகாயத்தாமரையை அள்ளி எறிவதால் பாதி வேலையே முடிகிறது. உரம் வந்துகொண்டிருக்கும் வரை செடியும் வரும்.

பனமரத்துப்பட்டி ஏரியின் கதை வேறு வகையானது. ஆங்கிலேயர் காலத்தில் 1911இல் சேலத்தின் குடிநீருக்கென்று உருவாக்கப்பட்ட இந்த ஏரி இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்தது. இன்றும் மாநகராட்சியின் சொத்து. பின்னாளில் மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய்களில் வரத் தொடங்கியது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்டது, அதன்முன் உள்ளூர் ஏரி எந்த மூலைக்கு? பனமரத்துப்பட்டியின் வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன, ஏரிப்படுகையில் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்தது. தான் குடிக்காத நீரை ஒரு நகரம் காவல் காப்பதில்லை. சேலத்து ஏரிகளின் தரம் கெட்டதற்கு மக்கள்தொகைப் பெருக்கத்தைவிட இந்தக் கைவிடலே ஆழமான காரணம் என்று சொல்ல இடமுண்டு.

மேட்டூர் நீரும் அப்பழுக்கற்றதல்ல. பெங்களூருவின் கழிவைச் சுமக்கும் விருஷபாவதி அர்க்காவதியில் கலக்க, அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் மேட்டூருக்கு வருகிறது. நீர் தேங்கும் காலங்களில் அணையின் நீர்ப்பரப்பில் பச்சைப்பாசி படர்ந்து துர்நாற்றம் வீசுவதும், அதைக் கட்டுப்படுத்த நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதும் பலமுறை நடந்துள்ளன.

மூன்று கழிவுகள், மூன்று குணங்கள்

திருமணிமுத்தாறு மாசடைந்துள்ளது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் தீர்வு கிடைக்காது. ஆற்றில் விழும் கழிவுகள் ஒன்றுக்கொன்று வேறான குணம் கொண்டவை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது.

முதலாவது வீட்டுக் கழிவுநீர். இதில் உயிர்ப்பொருள், அம்மோனியா, மலக்குடல் பாக்டீரியா, சோப்பு ஆகியவை இருக்கும். காற்றூட்டித் தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்து இதைச் சுத்திகரிப்பது நன்கு பழகிய முறை. சேலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் 2000களின் பிற்பாதியில் தொடங்கி நெடுங்காலம் இழுத்தது. இத்தகைய திட்டங்களில் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது எளிது. குறுகிய தெருக்களில் குழாய் பதித்து ஒவ்வொரு வீட்டையும் இணைப்பதுதான் கடினம். இணைப்பு வராத நிலையம் பாதிக் கொள்ளளவில் ஓட, அதன் வாசலிலேயே சாக்கடை ஆற்றில் விழும். இணைப்பில்லாத வீடுகளின் மலத்தொட்டிகளைக் காலிசெய்யும் லாரிகள் எங்கே கொட்டுகின்றன என்பதும் இதனுள் அடங்கும்.

இரண்டாவது சேகோ ஆலைக் கழிவு. 1943இல் மாணிக்கம் செட்டியார் தொடங்கிவைத்த ஜவ்வரிசித் தொழில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அடையாளமாகவே வளர்ந்தது. ஆலைகளின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் உருவானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குச்சிக்கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டிகளில் மாவைப் படியவிடுகிறார்கள். கழுவிய நீரும் மாவு படிந்தபின் மேலே நிற்கும் நீரும் கழிவாகின்றன. ஸ்டார்ச்சும் சர்க்கரையும் நிறைந்த இந்த நீர் ஓரிரு நாளில் புளித்து அமிலமாகும். குச்சிக்கிழங்கில் இயல்பாகவே உள்ள லினமரின் என்ற பொருள் சிதைந்து சயனைடையும் தரும். ஆலைகள் மும்முரமாக ஓடுவது கிழங்கு அறுவடைக் காலத்தில், அதாவது மழை ஓய்ந்து ஆறு வற்றத் தொடங்கும் மாதங்களில். நிறைய ஆக்சிஜனை விழுங்கும் கழிவு, நீரே இல்லாத ஆற்றில் வந்து விழுகிறது.

ஆனால் இந்தக் கழிவுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. மக்கக்கூடிய பொருள் என்பதால் மூடிய கலன்களில் காற்றில்லாமல் நொதிக்கவிட்டால் சாண எரிவாயுவைப் போன்ற எரிவாயு கிடைக்கும். பல ஆலைகள் இம்முறையை மேற்கொண்டு கிடைக்கும் வாயுவை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. மாவை வெளுப்பாக்க அமிலமும் குளோரின் சேர்மங்களும் சேர்க்கப்பட்டால் இந்த நுண்ணுயிர்கள் முடங்கும். ஜவ்வரிசி பளீரென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற சந்தையின் எதிர்பார்ப்பு ஆற்றையும் தொடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவதும் மிகக் கடினமானதும் சாயக்கழிவு. சேலத்தின் நெசவுப் பகுதிகளிலும், காவிரிக்கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம் வட்டாரங்களிலும் சாயப்பட்டறைகள் உள்ளன. பருத்தி நூலில் சாயம் ஒட்டுவதற்குச் சாயத்தொட்டியில் ஒரு லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு சேர்க்க வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுதும் கழிவுநீரில் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நீக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, எஞ்சும் கரைசலைக் கொதிக்கவைத்து உப்பைத் திடமாகப் பிரித்தாக வேண்டும். இதற்கு மின்சாரமும் முதலீடும் மிகுதியாகத் தேவை. தனித்தனிச் சிறு பட்டறைகளுக்கு இது கட்டாது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் துளிக் கழிவும் வெளியேறாத முறைக்கு அந்தத் தொழில் மாறியதும் மேற்குத் தமிழகம் கண்ட பாடம். நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயநீர்த் தேக்கமாக நின்றதை அப்பகுதி விவசாயிகள் மறக்கவில்லை.

இவற்றோடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் அமிலம் கலந்த கழுவுநீர் போன்ற சிறு கழிவுகளும் உண்டு. அளவில் குறைவாயினும் அவை தெருச் சாக்கடையில் நேரே விழுகின்றன.

இம்மூன்றையும் ஆற்றிலேயே பிரித்தறிய முடியும். மின்கடத்துதிறன் திடீரென ஏறினால் உப்பு, அதாவது சாயக்கழிவு என்ற ஐயம் எழும். அமிலத்தன்மை கூடி ஆக்சிஜன் தேவை பலமடங்கு உயர்ந்தால் சேகோ. அம்மோனியாவும் மலக்குடல் பாக்டீரியாவும் மிகுந்தால் வீட்டுக் கழிவு. மின்கடத்துதிறனைக் காட்டும் கருவி கையடக்கமானது, விலை குறைந்தது. ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் சேரும் இடத்தில் இரவும் பகலும் இதை அளந்து பதிவு செய்தால், மழைவெள்ளத்தின் மறைவிலோ நள்ளிரவிலோ திறந்துவிடப்படும் கழிவு எந்த ஓடையில் வந்தது என்று தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை பகலில் ஒரு குப்பி நீர் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது ஒருபோதும் பிடிபடாது.

நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூர் வட்டாரத்து மதியம்பட்டியில் மழைக்காலத்தில் திருமணிமுத்தாறு வெள்ளை நுரையாகப் பொங்கியதைச் செய்திகள் பலமுறை காட்டியுள்ளன. சோப்பிலும் சாயத் துணைப்பொருள்களிலும் உள்ள நுரைக்கும் வேதிப்பொருள்கள் தடுப்பணையில் நீர் விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கின்றன. நுரை கண்ணுக்குத் தெரிவதால் செய்தியாகிறது. அதே நீரில் கரைந்துள்ள உப்பு வயலில் இறங்கி மண்ணின் கட்டமைப்பைக் கெடுப்பது செய்தியாவதில்லை.

பட்டியலில் மூன்று ஆறுகள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடெங்கும் 351 மாசடைந்த ஆற்றுப்பகுதிகளை வரிசைப்படுத்தியது. பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்பட்டவை முதல் வகை. குளிப்பதற்கு ஏற்ற நீரில் இது 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தமிழகத்தில் முதல் வகையில் இடம்பெற்றவை நான்கு: மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. காவிரி நீங்கலாக மற்ற மூன்றும் சேலம் மாவட்டத்து ஆறுகள். திருமணிமுத்தாற்றில் குறிக்கப்பட்ட பகுதி சேலம் முதல் பாப்பாரப்பட்டி வரை. ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதிக்கரையில் பெரிய நகரம் ஏதுமில்லை, ஆனால் சேகோ ஆலைகள் நிறைந்த பகுதி. இந்த ஒப்பீடு மாசுக்கு நகரப் பெருக்கம் மட்டுமே காரணமல்ல என்பதைக் காட்டுகிறது. பட்டியலைத் தொடர்ந்து 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒவ்வொரு மாநிலமும் ஆற்று மீட்புக் குழு அமைத்துச் செயல்திட்டம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் உண்டு. ஆறு, ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழிற்சாலைகளைத் தமிழக அரசு 1989இல் தடை செய்தது. 1998இல் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் இந்தத் தூரம் ஐந்து கிலோமீட்டராக்கப்பட்டது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007இல் வந்தது. தூரத்தடை அனுமதி கேட்டு வரும் புதிய ஆலையைத் தடுக்கிறது. அனுமதியே கேட்காத பட்டறையைத் தடுப்பதில்லை. அதிகாரிகள் இடித்துத் தள்ளிய பட்டறை வேறு தெருவில் முளைக்கிறது, ஏனென்றால் முறையாகத் தொழில் நடத்தப் பொதுச் சுத்திகரிப்பு வசதியோடு கூடிய இடம் அந்தச் சிறு முதலாளிக்குக் காட்டப்படவில்லை. ஏரிகளின் நிர்வாகமும் சிதறியுள்ளது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியங்களிடமும், நகர எல்லைக்குள் சிக்கியவை மாநகராட்சி அல்லது பேரூராட்சியிடமும் உள்ளன. ஏரி ஒருவர் கையிலும் அதில் விழும் சாக்கடை வேறொருவர் கையிலும் இருக்கின்றன.

மூக்கனேரி காட்டும் வழி

கண்ணங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி 2010 முதல் சுற்றுச்சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷ் முன்னின்ற சேலம் மக்கள் குழுவின் முயற்சியால் மீட்கப்பட்டது. தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரங்கள் நட்டார்கள். பறவைகள் வந்தன. அரசின் ஒப்பந்தப் பணியில் கிடைக்காத கவனிப்பு இந்த ஏரிக்குக் கிடைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மூக்கனேரிக்கு இயற்கையும் துணை நின்றது. அது சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏரித்தொடரின் மேற்பகுதியில் உள்ளது. அதற்கு நீர் தரும் பரப்பில் மலைச்சரிவின் பங்கு பெரிது. நகரத்தின் நடுவிலோ கீழ்ப்புறத்திலோ உள்ள ஏரியில் இதே வேலையைச் செய்தால் இதே பலன் வராது. பள்ளப்பட்டி ஏரியிலும் திருமணிமுத்தாற்றிலும் பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ் நடைபாதை, தடுப்புச்சுவர், கான்கிரீட் கரை என்று செலவிடப்பட்டது. கான்கிரீட் கரை ஆக்கிரமிப்பைத் தடுக்கலாம், நீரைச் சுத்தமாக்காது. மண்படுகையும் நாணலும் செய்யும் இயற்கையான வடிகட்டலை அது நிறுத்தவும் செய்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள வாஷிங்டன் ஏரி, கழிவு வருவதை நிறுத்தினாலே ஏரி தெளியும் என்பதற்குத் தெளிவான சான்று. சுற்றியிருந்த ஊர்கள் சுத்திகரித்த கழிவுநீரையே அந்த ஏரியில் விட்டுவந்தன. ஆனாலும் 1955இல் பாசி பெருகத் தொடங்கியதை டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்ற அறிவியலர் கண்டறிந்து, சுத்திகரித்த நீரில் எஞ்சும் பாஸ்பரசே காரணம் என்று காட்டினார். 1958இல் மக்கள் வாக்களித்து ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். 1963 முதல் 1968 வரை எல்லாக் கழிவுநீரும் ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. ஏரிக்குள் எதுவும் செய்யாமலே சில ஆண்டுகளில் நீர் தெளிந்தது.

நம் ஊரில் இதற்கு உடனடிப் பொருத்தம் உண்டு. சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டு வறண்ட ஏரிகளை நிரப்புவது இப்போது தென்னிந்தியாவில் பரவிவரும் யோசனை. பெங்களூருவின் நீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு இறைக்கப்படுகிறது. பாஸ்பரசையும் நைட்ரஜனையும் நீக்கும் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் சேலத்து ஏரிகளில் இதைச் செய்தால் பாசிக்கு உரமிட்டதாகவே முடியும். அந்த நீர் ஆலைகளுக்குப் போவது நல்லது. ஆலைகள் அதைக் குளிர்விக்கவும் கழுவவும் எடுத்துக்கொண்டால் காவிரி நீருக்கான தேவையும் குறையும்.

ஆகவே வேலையின் வரிசை மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். முதலில் ஓடைகளில் விழும் வீட்டுக் குழாய்களை இணைப்பில் சேர்ப்பது. இணைக்க முடியாத இடங்களில் ஓடையின் கரையோரமாகத் தடுப்புக் குழாய் பதித்து வறண்ட காலச் சாக்கடை நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புவது. சாயப்பட்டறைகளை ஒரே இடத்தில் கூட்டி உப்பைத் திடமாகப் பிரிக்கும் நிலையத்தோடு இணைப்பது. சேகோ ஆலைகளின் எரிவாயுக் கலன்கள் உண்மையில் ஓடுகின்றனவா என்று ஆலை ஓடும் காலத்தில் சோதிப்பது. தூர்வாரல், கரைகட்டல், நடைபாதை எல்லாம் இவற்றுக்குப் பின். வரிசை மாறினால், தூர்வாரிய ஆழத்தில் சாக்கடை கூடுதலாகத் தேங்கும்.

565 கோடி ரூபாய் மதிப்பில் மேட்டூர் அணையின் உபரிநீரைக் கொண்டு சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டபின் இந்த வரிசை இன்னும் அவசரமாகிறது. மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளில் கிடைக்கும் அந்த நீர் சரபங்கா வடிநிலத்து ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் இறைக்கப்படுகிறது. வறண்ட வாய்க்காலில் கோடை முழுதும் சேர்ந்த கழிவை முதல் நீர் அள்ளிக்கொண்டுபோய் முதல் ஏரியில் சேர்க்கும். நீர் திறப்பதற்கு முன் ஒவ்வொரு வாய்க்காலிலும் விழும் கழிவுக்குழாய்களைக் கணக்கெடுத்து அடைப்பதும், முதல் சில மணிநேர நீரை ஏரிக்குள் விடாமல் கடத்திவிடுவதும், ஏரிகளின் மின்கடத்துதிறனையும் ஆக்சிஜனையும் நிரப்புமுன்னும் நிரப்பியபின்னும் பதிவு செய்வதும் திட்டச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகையில் முடியக்கூடியவை.